விழுந்தவர் கணக்கு எங்கே?

"ரிஸ்க் எடுக்காதவன் வாழ்க்கையில் ஜெயிக்க முடியாது." கல்லூரி ஆண்டு விழா மேடை, தன்னம்பிக்கை நூல், யூடியூப் காணொளி, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தி என்று எங்கே போனாலும் இந்த வாக்கியம் காதில் விழுகிறது. மறுத்துப் பேச ஆளில்லை. மறுத்தால் கோழை என்ற பெயர் வந்துவிடும். அந்தப் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் சொல்கிறேன்: இந்த வாக்கியம் தவறு. அது நிற்கும் கணக்கு தவறு, காட்டும் சான்று தவறு, இளைஞர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் அதைவிடத் தவறு.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு வைத்துவிடுகிறேன். அது நான்கு கால்களில் நிற்கிறது. ஒன்று, பெரிதாக வென்ற எவரும் ஏதோ ஒரு கட்டத்தில் கையிலிருந்ததை விட்டுவிட்டுத் துணிந்து இறங்கியவர்தான். இரண்டு, நிச்சயமில்லாத இடத்தில்தான் லாபம் பிறக்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர் ஃப்ராங்க் நைட் 1921-லேயே இதைக் கோட்பாடாக எழுதினார். மூன்று, வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும் மனிதர் செய்ததைவிடச் செய்யாமல் விட்டதற்காகவே அதிகம் வருந்துகிறார். இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. நான்கு, நம் நடுத்தரக் குடும்பங்கள் அரசு வேலை, மாதச் சம்பளம், சொந்த வீடு என்ற வட்டத்துக்குள் பிள்ளைகளை அடைத்து, எத்தனையோ திறமைகளைக் கருக்கிவிட்டன.

இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தும் அனுப்பப்படாத பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! பிடிக்காத படிப்பைப் படித்து, பிடிக்காத வேலையில் ஓய்வுபெற்றவர்கள் எத்தனை பேர்! அச்சம் ஒரு வாழ்க்கையைச் சுருக்கிவிடும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த அச்சத்துக்கு மருந்தென்று இவர்கள் நீட்டுவதைத்தான் மறுக்கிறேன். "யோசிக்காதே, குதி, மற்றதெல்லாம் தானாக அமையும்" என்ற அந்த உபதேசத்தின் மீது எனக்கு ஏழு மறுப்புகள் உண்டு.

1. வென்றவர்களை மட்டும் எண்ணுவது கணக்காகாது

வேலையை உதறிவிட்டுத் தொழில் தொடங்கி வென்றவர் மேடைக்கு வருகிறார். அவரைப் போலவே உதறியவர்களில் தோற்றவர்கள் மேடைக்கு வருவதில்லை. அவர்களை யாரும் அழைப்பதில்லை. அழைத்தாலும் வரும் நிலையில் அவர்கள் இருப்பதில்லை. இருபது பேர் துணிந்து பத்தொன்பது பேர் விழுந்தாலும், பேச எழுந்து நிற்பவர் அந்த ஒருவர்தான். அவர் "துணிந்தேன், வென்றேன்" என்று சொல்வது பொய்யல்ல. அதைக் கேட்டு "துணிந்தால் வெல்லலாம்" என்று முடிவுகட்டுவதுதான் பிழை.

விழுந்தவர்களையும் எண்ணினால் என்ன தெரியும்? அப்படி எண்ணப்பட்ட களம் ஒன்று இருக்கிறது. பங்குச் சந்தையின் 'ஃப்யூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்' வணிகம் பற்றி 2024 செப்டம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் இந்த வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தார்கள். செலவுகளையும் சேர்த்துச் சராசரி நட்டம் சுமார் ₹2 லட்சம். மொத்த நட்டம் ₹1.8 லட்சம் கோடிக்கும் மேல். செலவு போக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். இந்த வணிகத்தில் ஈடுபட்டோரில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோரின் ஆண்டு வருமானம் ₹5 லட்சத்துக்கும் குறைவு. 30 வயதுக்குக் கீழ்ப்பட்டோரின் பங்கு ஒரே ஆண்டில் 31 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காடாக உயர்ந்தது.

"அது சூதாட்டம், தொழில் வேறு" என்று பதில் வரும். வேறுதான். நட்ட விகிதமும் வேறாகத்தான் இருக்கும். நான் இந்தக் களத்தை எடுத்ததற்குக் காரணம், இங்கே ஒவ்வொரு பரிவர்த்தனையும் பதிவாகிறது. தோற்றவர் கணக்கிலிருந்து மறைய முடியாது. மூடிப்போன மெஸ்ஸுக்கும், கைவிட்ட ஆடைக் கடைக்கும், பாதியில் நின்ற செயலிக்கும் இப்படி ஒரு பேரேடு கிடையாது. தோற்றவர் பட்டியலே இல்லாத களத்தில் வென்றவரை மட்டும் காட்டி ஒருவர் உபதேசம் செய்தால், நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: விழுந்தவர் கணக்கு எங்கே?

2. வென்றவர்களும் அப்படிக் குதிக்கவில்லை

மேடைகளில் சொல்லப்படும் கதைகளையே எடுத்துக்கொள்வோம். பில் கேட்ஸ் ஹார்வர்டைப் பாதியில் விட்டார் என்பார்கள். 1975-ல் அவர் எடுத்தது விடுப்பு; வேண்டுமானால் திரும்பிப் போய்ப் படித்திருக்கலாம். அவருடைய தந்தை சியாட்டிலில் பெயர் பெற்ற வழக்கறிஞர். கேட்ஸ் தோற்றிருந்தால் அவருக்குப் போயிருப்பது ஓரிரு ஆண்டுகள். ஆப்பிள் நிறுவனம் தொடங்கப்பட்டது 1976 ஏப்ரலில். அதன் கணினியை வடிவமைத்த ஸ்டீவ் வோஸ்னியாக் 1977 வரை ஹியூலட்-பக்கார்டு வேலையை விடவில்லை. பின்னாளில் நைக்கி ஆன காலணி வணிகத்தை 1964-ல் தொடங்கிய ஃபில் நைட், ஐந்தாண்டுகள் கணக்காளராகவும் கல்லூரி ஆசிரியராகவும் சம்பளம் வாங்கிக்கொண்டே அதை நடத்தினார்.

நம் நாட்டுக் கதையும் அப்படியே. 1981-ல் இன்ஃபோசிஸ் தொடங்க சுதா மூர்த்தி தன் சேமிப்பிலிருந்து நாராயண மூர்த்திக்குக் கொடுத்த ₹10,000-ஐப் பற்றிப் பேசாத தன்னம்பிக்கைப் பேச்சாளர் இல்லை. அதே காலத்தில் சுதா மூர்த்தி வேலையில் இருந்தார், அந்தச் சம்பளத்தில் வீடு நடந்தது என்பதைச் சொல்பவர் குறைவு. இன்ஃபோசிஸின் தொடக்க ஆண்டுகளைத் தாங்கிய சுவர் அந்தச் சம்பளம். அதை விட்டுவிட்டுச் சொன்னால் வேறு கதை ஆகிவிடுகிறது.

தனிக்கதைகளோடு நிற்க வேண்டாம். ஜோசப் ராஃபீ, ஜீ ஃபெங் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் தொழில் தொடங்கிய ஆயிரக்கணக்கானோரின் தரவுகளை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். வேலையில் இருந்துகொண்டே தொழிலைத் தொடங்கிப் பிறகு முழுநேரத்துக்கு மாறியவர்கள் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு, எடுத்த எடுப்பில் வேலையை விட்டவர்களைவிட 33 விழுக்காடு குறைவு. படகை எரித்துவிட்டுப் போரிடு என்ற உபதேசத்துக்கு நேர் எதிரான முடிவு இது. பின்வாங்க வழி வைத்திருந்தவர்களே அதிகம் தாக்குப்பிடித்தார்கள்.

காரணம் விளங்காததல்ல. வாடகைக்கு வழியில்லாதவர் வருகிற முதல் வாடிக்கையாளரிடம் எந்த விலைக்கும் தலையாட்டுவார். எந்தப் பங்குதாரரையும் சேர்த்துக்கொள்வார். மாதச் சம்பளம் உள்ளவர் "இந்த விலைக்கு முடியாது" என்பார், காத்திருப்பார், தவறினால் திருத்துவார்.

3. ஆபத்தே செல்வம் தருமென்றால் டெல்டா விவசாயிதான் முதல் பணக்காரர்

தமிழ்நாட்டில் ஆபத்தைத் தினமும் தோளில் சுமப்பவர் யார்? நாற்று விடும் நாளிலேயே மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் இருக்கும், பருவமழை எப்போது வரும், அறுவடையில் மழை பெய்யுமா, நெல் என்ன விலைக்குப் போகும் என்ற நான்கு நிச்சயமின்மைகளோடு முதலைக் கொட்டும் குத்தகை விவசாயி. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கும் என்பது வழக்கம். நீரில்லாத ஆண்டுகளில் அந்தத் தேதி தள்ளிப்போகும், குறுவையும் போகும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது, பிள்ளைபோல் வளர்த்த தென்னைகளைப் பட்டுக்கோட்டை, பேராவூரணி விவசாயிகள் ஒரே இரவில் இழந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஒக்கியில் ஆழ்கடலுக்குப் போன குமரி மாவட்ட மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. சிவகாசியில் பட்டாசுக்கு மருந்து அடைக்கும் பெண் பணயம் வைப்பது பணத்தை அல்ல, உயிரை.

இவர்களை எந்த மேடையும் துணிச்சலுக்கு உதாரணம் காட்டுவதில்லை. ஏன்? இவர்களைக் காட்டினால் கோட்பாடு உடைந்துவிடும். ஆபத்தைச் சுமப்பதாலேயே செல்வம் வரும் என்றால் இவர்களிடம் செல்வம் குவிந்திருக்க வேண்டும்.

நிச்சயமின்மை இருக்கும் இடத்தில் லாபம் இருக்கலாம். ஆனால் அந்த லாபம் அதைச் சுமப்பவருக்குத்தான் போகும் என்று எந்த விதியும் இல்லை. விலையை நிர்ணயிப்பவர், கடன் கொடுப்பவர், தகவலை முதலில் அறிபவர் ஆகியோரிடம்தான் அது போகிறது. செபி ஆய்வும் இதையே காட்டுகிறது. 2023-24-ல் தனிநபர்கள் செலவுகளுக்கு முன்பே சுமார் ₹61,000 கோடி இழந்தார்கள். அதே ஆண்டில் சொந்த முதலில் வணிகம் செய்யும் தரகு நிறுவனங்கள் சுமார் ₹33,000 கோடியும், அந்நிய முதலீட்டு நிறுவனங்கள் சுமார் ₹28,000 கோடியும் ஈட்டின. அவற்றின் லாபத்தில் பெரும்பகுதி கணினி நிரல் வழி வணிகத்தில் வந்தது. ஆக, துணிந்தது ஒரு தரப்பு, சம்பாதித்தது இன்னொரு தரப்பு.

4. ஊரின் சராசரி வேறு, ஒருவரின் வாழ்க்கை வேறு

"பத்து முறை தோற்றாலும் ஒரு முறை வென்றால் போதும், எல்லாம் ஈடாகிவிடும்" என்பது இவர்களுடைய இன்னொரு வாதம். முதலீட்டு நிறுவனத்துக்கு இது பொருந்தும். அது நூறு தொழில்களில் பணம் போடுகிறது; தொண்ணூறு முழுகினாலும் மீதிப் பத்து ஈடு கட்டும். உங்களுக்கு வாழ்க்கை ஒன்றுதான். அந்தத் தொண்ணூறில் ஒன்றாக நீங்கள் இருந்தால், மீதிப் பத்தின் லாபத்தில் உங்களுக்குப் பங்கில்லை.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். பூவா தலையா போட்டு, தலை விழுந்தால் கையிலிருப்பது 50 விழுக்காடு கூடும், பூ விழுந்தால் 40 விழுக்காடு குறையும் என்று ஓர் ஆட்டம். கேட்க லாபகரமாகத் தெரிகிறது. கூடுவது அதிகம், குறைவது குறைவு. ஆயிரக்கணக்கானோர் ஆடினால் ஒரு சுற்றுக்கு அவர்களின் சராசரி 5 விழுக்காடு ஏறும். ஆனால் ஒருவர் ₹1 லட்சத்தோடு 20 முறை ஆடி, பத்து தலையும் பத்து பூவும் சமமாகவே விழுந்தால் அவர் கையில் மிஞ்சுவது சுமார் ₹35,000. ஒவ்வொரு தலைக்கும் ஒரு பூ வந்தால் 1.5 பெருக்கல் 0.6, அதாவது 0.9, பத்து முறை பத்தில் ஒரு பங்கு கரைகிறது. அதிர்ஷ்டம் கெடாமலேயே மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. சராசரியை உயர்த்தியவர்கள், தொடர்ந்து தலை விழுந்த மிகச் சிலர். மேடையேறிப் பேசப்போவதும் அவர்கள்தான்.

இதிலிருந்து ஒரு விதி தெளிவாகிறது. மறுபடி முயல்வதற்கான வாய்ப்பே ஒரு மனிதனின் உண்மையான முதல். அதைத் தொடாத இழப்பு எவ்வளவு பெரிதாயினும் பொறுக்கலாம். அதையே அழிக்கும் பணயத்துக்கு எவ்வளவு லாபம் காட்டினாலும் இறங்கக் கூடாது. இது மேலைநாட்டுச் சரக்கல்ல. வரப்போகும் ஆக்கத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலில் அறிவுடையவர் இறங்கமாட்டார் என்று திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரம் சொல்கிறது. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அடுத்தடுத்த மூன்று அதிகாரங்கள் இதையே விரிக்கின்றன. ஊக்கமுடைமை வருவது அதற்கெல்லாம் பிறகு, அறுபதாவது அதிகாரமாக.

5. பணயம் வைக்கப்படுவது யாருடைய வாழ்க்கை?

"என் வாழ்க்கை, என் முடிவு" என்பது நம் சூழலில் பெரும்பாலும் உண்மையல்ல. தொழில் தொடங்க எடுக்கும் கடனுக்கு அடகு போவது மனைவியின் நகை. பத்திரம் வைப்பது அப்பா கட்டிய வீட்டின் மேல். ஜாமீன் கையெழுத்துப் போடுவது அண்ணன் அல்லது மச்சான். கைமாற்றாக வாங்கியது தங்கையின் கல்யாணத்துக்கென்று சீட்டுப் போட்டு எடுத்த பணம். தோற்றால் குதித்தவர் மட்டும் விழுவதில்லை. கேட்கப்படாத நான்கைந்து பேரும் சேர்ந்து விழுகிறார்கள். அடகுக் கடையில் வளையலைக் கழற்றிக் கொடுத்தவரின் துணிச்சலைப் பற்றி எந்த வெற்றிக் கதையிலும் ஒரு பத்திகூட வருவதில்லை.

சட்டமும் எல்லோரையும் ஒரே மாதிரி தாங்குவதில்லை. பெரிய நிறுவனம் நொடித்தால் முதலாளியின் பொறுப்பு அவர் போட்ட பங்கு முதலோடு நிற்கும். நிறுவனத்துக்கென்று 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம் இருக்கிறது. சொந்தப் பெயரில் கடை வைத்து நொடித்தவருக்கு? அந்தச் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்கு இன்னும் வெள்ளைக்காரர் காலச் சட்டங்கள்தான்: சென்னை போன்ற மாநகரங்களுக்கு 1909-ல் இயற்றியது, மற்ற ஊர்களுக்கு 1920-ல் இயற்றியது. விழுந்தவர் எழுந்திருக்க வழியே செய்து வைக்காத நாட்டில் நின்றுகொண்டு "விழப் பயப்படாதே" என்று சொல்வது அறமாகுமா?

துணிச்சலின் திருவுருவமாக நாம் போற்றும் வ.உ.சிதம்பரனாரின் வாழ்க்கையை இந்தக் கேள்வியோடு படிக்க வேண்டும். 1906-ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தன் ஒருவர் பணத்தில் தொடங்கவில்லை. ₹10 லட்சம் மூலதனத்தைப் பங்கு ஒன்றுக்கு ₹25 என்று பிரித்து ஊரார் கூடிச் சுமக்கும்படி அமைத்தார். அது யோசித்துச் செய்த துணிவு. ஆனால் 1908-ல் அவர் கைதாகி இரட்டை ஆயுள் தண்டனை பெற்ற பிறகு நடந்தது என்ன? கம்பெனி நொடித்தது, கப்பலே போட்டிக் கம்பெனியின் கைக்குப் போனது. 1912 இறுதியில் தண்டனை குறைந்து விடுதலையானவர், 1936-ல் மறையும்வரை வறுமையோடு மல்லாடினார். கைதட்டியவர்கள் ஆயிரக்கணக்கில், கை கொடுத்தவர்கள் சிலரே. அவருடைய துணிவில் குறை காண எனக்குத் தகுதியில்லை. துணிந்தவரைக் கொண்டாடிவிட்டு அவர் குடும்பத்தைக் கைவிட்ட சமூகத்தின் மீதுதான் என் குற்றச்சாட்டு. அதே சமூகம் இன்றும் கைதட்டிக்கொண்டிருக்கிறது.

6. "முயலாததற்காகவே வருந்துவாய்" என்பது பாதி உண்மை

இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது, சான்றோடு வருகிறது. தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற உளவியலாளர்கள் 1990-களில் செய்த ஆய்வுகளின்படி, அண்மைக்கால வருத்தங்கள் செய்த செயல்கள் பற்றியும், நீண்டகால வருத்தங்கள் செய்யாமல் விட்டவை பற்றியும் இருக்கின்றன. ஆனால் மக்கள் எதைச் செய்யாமல் விட்டதற்கு வருந்தினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். படிப்பைத் தொடராமல் விட்டது, வாய்ப்பு வந்தபோது கேட்காமல் இருந்தது, குடும்பத்தோடும் நண்பர்களோடும் போதிய நேரம் செலவிடாதது. இவற்றில் எதற்கும் வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை. மேலும், செய்யாமல் விட்ட செயலின் முடிவை யாரும் கண்டதில்லை. மனம் அதற்கு எப்போதும் நல்ல முடிவையே எழுதிக்கொள்கிறது. அந்தக் கற்பனை முடிவை நடந்த உண்மையோடு எடை போட்டால் உண்மை எப்படி வெல்லும்?

இன்னொரு சான்றும் காட்டுவார்கள். பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் ஓர் இணையதளம் தொடங்கி, முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களை நாணயம் சுண்டச் சொன்னார். ஓராண்டில் 20,000-க்கும் மேற்பட்ட முறை நாணயம் சுண்டப்பட்டது. வேலையை விடுவது, உறவை முறிப்பது போன்ற பெரிய முடிவுகளில் 'மாற்று' என்று விழுந்து மாற்றியவர்கள், ஆறு மாதம் கழித்து அதிக மகிழ்ச்சியோடு இருந்ததாகத் தெரிவித்தார்கள். நல்ல ஆய்வு, நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே வந்தவர்கள் யார்? இரண்டு பக்கமும் எடை போட்டு, தராசு நடுவில் நின்றுவிட்டவர்கள். அத்தனை யோசித்தும் சமமாகத் தெரிந்தால் மாற்றத்தின் பக்கம் சாயலாம் என்று இந்த ஆய்வு சொல்கிறது; ஏற்கிறேன். யோசிக்காமலேயே குதிக்கலாம் என்று அது எங்கும் சொல்லவில்லை.

7. திரும்பி வருவதைத் துணிச்சல் கணக்கில் சேர்க்காதது பெரும்பிழை

1909 ஜனவரி 9 அன்று எர்னஸ்ட் ஷாக்கில்டனும் மூன்று தோழர்களும் தென்துருவத்துக்குச் சுமார் 180 கிலோமீட்டர் தொலைவில் நின்றார்கள். அதுவரை அவ்வளவு தெற்கே மனிதர் யாரும் போனதில்லை. போயிருந்தால் துருவத்தைத் தொட்ட முதல் மனிதர்களாகியிருப்பார்கள்; ஆனால் திரும்பி வர உணவு போதாது. ஷாக்கில்டன் திரும்பினார். நால்வரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். வாழ்நாள் கனவை எட்டும் தொலைவில் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டத் தேவைப்படும் நெஞ்சுரம், முன்னே நடக்கத் தேவைப்படுவதைவிடக் குறைந்ததா?

கயிறில்லாமல் மலையேறும் அலெக்ஸ் ஹொனால்டை அசாத்தியத் துணிச்சலின் அடையாளமாகக் காட்டுகிறார்கள். 2017 ஜூன் 3 அன்று அவர் கலிஃபோர்னியாவின் எல் கேப்பிட்டன் பாறையை, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தை, கயிறின்றி 3 மணி 56 நிமிடத்தில் ஏறினார். அதற்கு முன் அதே பாதையைக் கயிறு கட்டிப் பலமுறை ஏறி, கடினமான இடங்களில் எந்த விரல் எங்கே, எந்தக் கால் எங்கே என்று மனப்பாடம் செய்திருந்தார். 2016-ல் ஒருநாள் கயிறில்லாமல் ஏறத் தொடங்கி, மனம் ஒப்பாததால் பாதியில் விட்டுவிட்டார். படமெடுக்கும் குழு சூழ நிற்கையில் விட்டுவிட்டார். அவர் இன்று உயிரோடு இருப்பதில் அந்த நாளுக்கும் பங்குண்டு. அவரை உதாரணம் காட்டுபவர்கள் 2017-ஐ மட்டும் சொல்கிறார்கள்.

இந்த உபதேசத்தால் ஆதாயம் யாருக்கு?

தரகு நிறுவனத்துக்கு நீங்கள் வென்றாலும் தோற்றாலும் கட்டணம் உண்டு. செபி கணக்கின்படி அந்த மூன்று ஆண்டுகளில் தனிநபர்கள் பரிவர்த்தனைச் செலவாக மட்டும் கொடுத்தது சுமார் ₹50,000 கோடி. அதில் பாதி தரகுக் கட்டணம். பயிற்சி வகுப்பு நடத்துபவர் முன்பணம் வாங்கிக்கொள்கிறார். கந்துவட்டிக்காரர் முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டே கொடுக்கிறார். துணிவை விற்பவர் எவரும் தன் வருமானத்தில் துணிவதில்லை.

இதைவிடக் கொடியது இன்னொன்று. "துணிந்தவன் வெல்வான்" என்பதை நம்பினால், தோற்றவன் போதுமான அளவு துணியவில்லை என்று ஆகிவிடும். பணம் போனது போதாதென்று பழியும் அவன் தலையில். செபி ஆய்வில் நட்டமடைந்தவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் தொடர்ந்து நட்டம் கண்ட பிறகும் விடாமல் ஆடியது எதனால்? விடாமுயற்சி, துணிச்சல் என்ற பெயர்களை அந்த நட்டத்துக்குச் சூட்டிக் கொடுத்தது யார்?

பிறகு துணிச்சல் எப்படி வரும்?

காலடியில் தரை இருந்தால் வரும். ராமானுஜன் கடல் கடந்து போனதைத் துணிச்சலின் காவியமாகச் சொல்கிறோம். அந்தக் கதையின் முன்பாதியைப் பாருங்கள். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை பறிபோய், தேர்வுகளில் தவறி, பல ஆண்டுகள் வருமானமின்றி அலைந்தார். அந்த வறுமையிலும் கணிதம் நிற்கவில்லை. ஆனால் உலகுக்கு எட்டவும் இல்லை. நெல்லூர் ஆட்சியராக இருந்த ராமச்சந்திர ராவ் சிலகாலம் அவர் செலவை ஏற்றார். 1912-ல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் ₹30 சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியது அந்த வேலையில் இருந்துகொண்டுதான். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் ₹75 உதவித்தொகை அளித்தது. 1914-ல் அவர் கப்பலேறும்போது ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை உறுதியாகியிருந்தது. அதில் 50 பவுன் ஊரிலிருந்த குடும்பத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. வீட்டில் அடுப்பெரியும் என்ற உறுதி இருந்ததால் அவர் துணிந்தது சிறிதாகிவிடவில்லை. அந்த உறுதிதான் அந்தத் துணிவை நடக்க வைத்தது.

நம் மாநிலத்தின் வரலாறும் அதையே சொல்கிறது. மதிய உணவு வந்தபின் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் துணிவு ஏழைப் பெற்றோருக்கு வந்தது. 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ₹1,000, கல்லூரிக்குப் போகிறேன் என்று ஒரு பெண் வீட்டில் சொல்வதற்கு ஒரு பிடிமானம். வீரவுரை கேட்டு இந்தப் பெண்கள் கல்லூரிக்குப் போகவில்லை.

மேடையில் பேசுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வெற்றியைச் சொல்லுங்கள். கூடவே நீங்கள் குதித்த நாளில் வங்கியில் எவ்வளவு இருந்தது, வீட்டு வாடகையை யார் கொடுத்தார், தோற்றிருந்தால் எங்கே திரும்பியிருப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். உங்களோடு குதித்து விழுந்தவர் ஒருவரையும் மேடைக்கு அழைத்து வாருங்கள். அதைச் செய்ய மனமில்லை என்றால் இளைஞர்களுக்கு உபதேசிக்காதீர்கள்.

இளைஞர்களுக்குச் சொல்வது இதுதான். பெரிய முடிவு எடுங்கள். எடுக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை எழுதுங்கள். முழுக்கத் தோற்றால் என்னிடம் மிஞ்சுவது என்ன? அந்த இழப்பில் பங்கு சுமக்கப்போகிறவர்களின் சம்மதத்தைக் கேட்டேனா? எந்த எல்லையைத் தொட்டால் திரும்பிவிடுவேன்? மூன்றுக்கும் விடை இருந்தால் யார் தடுத்தாலும் இறங்குங்கள். ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும், யார் கைதட்டினாலும் இறங்காதீர்கள். கைதட்டுபவர் எவரும் உங்கள் கடனில் ஒரு தவணைகூடக் கட்டப்போவதில்லை.